மேற்படியாரின் ஆறாவது ஜன்னல்

மாரிக்கனி தன்னுடைய கண்ணீர் அஞ்சலி போஸ்டரைத் தன் கண்ணாலேயே பார்த்தவள். எத்தனை பேருக்குக் கிடைக்கும் அந்தப் பாக்கியம்? ஆறு வருஷத்துக்கு முன்னால், ஸ்ரீவில்லிபுத்தூர் பஸ் ஸ்டாண்டுக்கு வெளியே, பசை காயாமல் ஒட்டியிருந்தது. காலேஜ் ஐடி கார்டுக்கு எடுத்த போட்டோ. தோற்றம் என்று அவள் பிறந்த தேதி. மறைவு என்று அவள் ஜோயலைக் கல்யாணம் செய்த தேதி. கீழ்ப்பாதியை ஒரு வெள்ளாடு நிதானமாகத் தின்றுகொண்டிருந்தது. ‘துயரத்துடன், தந்தை பால்ச்சாமி’ என்ற வரி ஆட்டின் வாய்க்குள் போவதை அவள் நின்று பார்த்தாள்.

வேறு சாதி, வேறு மதம் என்று ஓடிப்போன மகளைச் செத்ததாகப் போஸ்டர் அடித்து ஒட்டுவது நம் பக்கத்தில் அங்கங்கே நடக்கிற அக்கிரமம்தான். ஆனால் பால்ச்சாமி எதையும் அரைகுறையாகச் செய்கிற ஆள் இல்லை. முப்பது வருஷம் போலீஸ் ஸ்டேஷனில் ரைட்டராக இருந்து, புகாரும் பஞ்சாயத்தும் எழுதி எழுதிக் கை காய்த்தவர். மகளுக்காக மொட்டை போட்டார். பதினாறாம் நாள் சோறு போட்டார். எட்டு வயதில் தாயை இழந்த பிள்ளைக்குத் தினமும் இரட்டை ஜடை போட்டுவிட்ட அதே கை அது. அதை நினைத்தால்தான் மாரிக்கனிக்கு வயிறு எரியும்.

மகள் ஜெபா பிறந்த அன்றைக்கு ஆஸ்பத்திரியில் இருந்து அவருக்குப் போன் போட்டாள். ஒரு ரிங்கில் துண்டித்தார். மறுபடி போட்டபோது போகவேயில்லை. அன்றைக்கு ஜோயலிடம் சொன்னாள்: “எனக்கு அவரு சொத்து வேண்டாம், சீர் வேண்டாம். நான் செத்துட்டேன்னு சொன்ன வாயி, இல்ல, உசுரோட இருக்கான்னு ஒரு தடவ சொல்லணும். அதுவரைக்கும் அந்த ஊரு மண்ண மிதிக்க மாட்டேன்.”

அவள் குடியிருந்த ராஜபாளையத்துக்கும் ஸ்ரீவில்லிபுத்தூருக்கும் நடுவில் பன்னிரண்டு கிலோமீட்டர். அரை மணி நேர பஸ். ஆறு வருஷம் அவள் மிதிக்கவில்லை. தன் போன் நம்பரை மட்டும் மாற்றாமல் வைத்திருந்தாள்.

சேத்தூர் போகிற வழியில் சோலைராஜ் அண்ணாச்சியின் நைட்டி கம்பெனியில் அவளுக்குப் பஞ்சிங் வேலை. ஒரு படத்தைக் கம்ப்யூட்டரில் வைத்து, ஊசி எங்கே இறங்கி எங்கே ஏற வேண்டும் என்று கோடு கோடாகத் தையலாக மாற்றிக் கொடுப்பது. கொடுத்தால் பன்னிரண்டு ஊசித் தலைகள் உள்ள எம்பிராய்டரி மிஷின், பன்னிரண்டு நைட்டிக்கு ஒரே நேரத்தில் நெஞ்சில் பூப்போடும். பூதான். ரோஜா, தாமரை, போனால் போகிறதென்று ஒரு மயில். ஆறு வருஷமாக அதே ரோஜா. அவள் கண்ணைக் கட்டிவிட்டாலும் ரோஜா போடுவாள், அவ்வளவு வெறுத்துப்போயிருந்தது.

ஆடி மாதம் ஒரு மத்தியானம், கரண்டு போய் மிஷின் நின்றது. சாப்பாட்டு டப்பாவைத் திறந்து வைத்துக்கொண்டு போனைத் தள்ளிக்கொண்டிருந்தாள். ‘உங்களுக்குத் தெரிந்தவராக இருக்கலாம்’ என்று போன் ஒரு பக்கத்தை நீட்டியது. பேர் ‘மேற்படியார்’. ஆளின் போட்டோ இல்லை. எல்லாம் கோடு போட்ட நோட்டுத் தாளில், கலர் பென்சிலில் வரைந்த படங்கள்.

முதல் படத்தில் ஒரு சேவல் டி.வி.எஸ். ஃபிஃப்டி ஓட்டிக்கொண்டு போனது. பின்னால் கோழியும் குஞ்சுகளும். கீழே முத்து முத்தாக எழுதியிருந்தது: ‘மேற்படி சேவல் தலைக்கவசமின்றி வாகனம் ஓட்டியது குறித்து விசாரித்ததில், கொண்டைக்குப் பொருந்தும் தலைக்கவசம் கடையில் இருப்பு இல்லை எனத் தெரியவருகிறது.’

மாரிக்கனிக்குப் புரையேறிவிட்டது. அடுத்ததைத் தள்ளினாள். பால்கோவா கடை வாசலில் எறும்புகள் வரிசை கட்டி நின்றன. ‘சந்தேகத்துக்கு இடமான வகையில் கூடியிருந்த நாற்பத்தேழு பேர் எச்சரித்து அனுப்பப்பட்டனர்.’ அடுத்ததில் ஒரு மயில் தோகையைத் துவைத்துக் கொடியில் காயப்போட்டுவிட்டு, வெறும் உடம்போடு வெட்கப்பட்டு நின்றது. ‘தோகை காயாத காரணத்தால், மழை அறிகுறி இருந்தும் ஆட இயலாது என மேற்படி மயில் எழுத்து மூலம் தெரிவித்துள்ளது.’

“ஆத்தாடி, யாரு பெத்த பிள்ளையோ இது!” என்று வாய்விட்டே சொன்னாள். கையில் பிசைந்த சோறு காய்ந்தது. கரண்டு வந்தது, மிஷின் ஓடியது, அவள் அசையவில்லை. இப்படியெல்லாம்கூட ஒரு ஆள் நினைக்கலாமா? நினைத்ததை வரையலாமா? யாரும் அடிக்க மாட்டார்களா?

நீங்கள் இந்நேரம் ஒன்று நினைத்திருப்பீர்கள். அவளுக்கு அது தோன்றவேயில்லை. எப்படித் தோன்றும்? பால்ச்சாமி சிரித்து அவள் பார்த்ததில்லை. பென்சிலைப் பிடித்தால் அடிக்கோடு போடுவதற்கு மட்டும்தான் பிடிப்பார். யாரோ சென்னையில் வேலை இல்லாத ஒரு பையன், போலீஸ்காரர்களைக் கிண்டல் செய்கிறான் என்றுதான் அவள் முடிவு கட்டினாள். அதில் அவளுக்குக் கொஞ்சம் சந்தோஷம்கூட.

அன்றைக்கு ஆரம்பித்தது பைத்தியம். கம்பெனியில் கட்டிங் டேபிளைச் சுற்றி எல்லாப் பெண்களும் மேற்படியாரைப் பார்த்தார்கள். பட்டன் தைக்கிற மாரீஸ்வரி, “ஏட்டி, எங்க வீட்டு எருமைய பியூட்டி பார்லர்ல உக்கார வச்சு ஒண்ணு போடேன்” என்றாள். போட்டாள். எருமை மாதிரியே இல்லை, ஆனாலும் மாரீஸ்வரி அதைத் தையல் மிஷினில் ஒட்டிக்கொண்டாள். வீட்டுக்குப் போனால் ஜெபாவும் அவளும் தரையில் குப்புறப் படுத்துக்கொண்டு நோட்டில் பூனைக்குப் பல் விளக்கினார்கள், பல்லிக்கு ரேஷன் கார்டு வாங்கிக் கொடுத்தார்கள். ரோஜா போட்டே மரத்துப்போன கைக்கு உயிர் வந்துவிட்டது. ஜோயல் மில்லில் இருந்து வந்து, “சோறு ஆக்கலையா?” என்று கேட்டுவிட்டுத் தானும் படுத்து ஒரு தவளைக்கு டை கட்டினான்.

மேற்படியார் படங்களில் ஒரு விசித்திரம் இருந்தது. எல்லாவற்றிலும் ஒரு இடம் காலியாக இருக்கும். டி.வி.எஸ்.ஸில் கோழிக்கும் குஞ்சுகளுக்கும் நடுவே ஓர் ஆள் உட்காரும் சந்து. அணில்கள் போகிற பஸ்ஸில் ஆறு ஜன்னல், ஐந்தில் அணில், ஆறாவது வெறிச்சென்று இருக்கும். அது அந்த ஆளின் பாணி என்று விட்டுவிட்டாள்.

தீபாவளி சரக்குக்கு அந்த அணில் பஸ்ஸைப் பஞ்சிங் பண்ணினாள். கேட்டுவிட்டுத்தானே எடுக்க வேண்டும் என்கிறீர்களா? அந்தத் தொழிலில் யாரும் யாரையும் கேட்பதில்லை. நெட்டில் கிடப்பதெல்லாம் ஊர்ப் பொது என்று அண்ணாச்சி சொல்வார். சாம்பிள் பீஸைப் பார்த்ததும் அவர் ஆறாவது ஜன்னலில் விரலை வைத்தார்.

“என்னம்மா, இதுல தையல் விட்டுருக்கு?”

“இல்ல அண்ணாச்சி, படமே அப்படித்தான்.”

“நமக்குத் தெரியும், கடக்காரனுக்குத் தெரியுமா? நூல் அந்து போச்சு, டேமேஜ் பீஸுன்னு திருப்பி அனுப்பிருவான். எதையாவது போட்டு அடை.”

அடைத்தாள். அந்த ஜன்னலில் இரட்டை ஜடை போட்ட ஒரு அம்மா அணிலை உட்கார வைத்தாள். மடியில் ஒரு குட்டி அணில். எதையும் பார்க்காமல் அவள் தானாகத் தையலில் போட்ட முதல் உருவம் அதுதான். மூவாயிரம் பீஸ் ஓடியது. ஐப்பசியில் ஸ்ரீவில்லிபுத்தூர்க் கடைகளில்கூடத் தொங்கியது. அதே வாரத்தில் மேற்படியார் படம் போடுவதை நிறுத்திவிட்டார். ஒரு வாரம் போனது, மூன்று வாரம் போனது, ஒன்றும் வரவில்லை. அந்த ஆளுக்கு உடம்பு சரியில்லையோ என்று மாரிக்கனி கிடந்து தவித்தாள்.

ஒரு சனிக்கிழமை காலை அண்ணாச்சி போனை நீட்டியபடி வந்தார். முகம் செத்துப்போயிருந்தது. “இந்தா பாரு, எவனோ கேஸு கீஸுன்னு போவான் போல இருக்கு. வாட்ஸ்அப்ல அனுப்பியிருக்கான்.”

கொடியில் காயும் ஒரு நீல நைட்டியின் போட்டோ. கீழே:

‘பொருள்: தங்கள் நிறுவனத்தின் நைட்டி. மேற்படி நைட்டியில் காணப்படும் பேருந்து என்னால் வரையப்பட்டது. அதன் ஆறாவது இருக்கை காலியாக இருந்தது. தற்போது அதில் கைக்குழந்தையுடன் அமர்ந்திருப்பவர் யார், எந்த நிறுத்தத்தில் ஏறினார் என்ற விவரத்தைத் தெரிவிக்கக் கேட்டுக்கொள்ளப்படுகிறது.’

மேலே நம்பர் இருந்தது. தூக்கத்தில் தட்டி எழுப்பிக் கேட்டாலும் அவள் சொல்லுகிற நம்பர்.

தூக்கிவாரிப்போட்டது அவளுக்கு. கம்ப்யூட்டர் டேபிளைப் பிடித்துக்கொண்டாள். சேவலை டி.வி.எஸ். ஓட்ட வைத்தது அவரா? மயிலுக்கு வெட்கம் கொடுத்தது அவரா? எறும்பை எண்ணிக்கொண்டு உட்கார்ந்திருந்தது, அந்த மனுஷனா?

“ஏத்தா, என்ன செய்யுது? தண்ணி குடி. நீதான எடுத்த, நாளைக்கு நீயே நேர்ல போய்ப் பேசி முடிச்சிட்டு வா” என்றார் அண்ணாச்சி. அவருக்கு ஒன்றும் தெரியாது.

ராத்திரி ஜோயல் மில்லில் இருந்து வந்ததும் எல்லாவற்றையும் கொட்டினாள். அவன் போனைப் புரட்டிப் பார்த்துவிட்டு மெதுவாகச் சொன்னான்: “அந்தப் பக்கத்த உனக்கு ஏன் காட்டிச்சு தெரியுமா? ஒருத்தர் போன்ல நம்ம நம்பர் பதிஞ்சு இருந்தாத்தான் தெரிஞ்சவரா இருக்கலாம்னு காட்டும். உன் நம்பர அவரு இன்னும் அழிக்கலட்டி.”

இரண்டாவது இடி அது. அவள் அழவில்லை. ஆங்காரம்தான் வந்தது. “போஸ்டர்ல கொன்னுட்டு போன்ல உசுரோட வச்சிருந்தாராமா? நான் பிரசவ வலியில கூப்பிட்டப்போ எங்க போச்சு இந்த அணிலு?”

“நானும் வரட்டுமா?”

“வேண்டாம். கம்பெனி வேலையாத்தான் போறேன்.”

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை காலையில், ஆறு வருஷத்துக்கு அப்புறம் ஸ்ரீவில்லிபுத்தூரில் இறங்கினாள். திருமுக்குளத்துக்குப் பக்கத்துத் தெருவில் அதே வீடு. கதவைத் தட்டினாள். பால்ச்சாமி திறந்தார். மீசை முழுசாக வெளுத்திருந்தது. அவளைப் பார்த்தார். முகம் அசையவில்லை.

“யாரு?” என்றார்.

பெற்ற மகளைப் பார்த்து யார் என்கிறார்! திரும்பிப் போய்விடலாமா என்று ஒரு கணம் நினைத்தாள். பிறகு பையில் இருந்து நைட்டியை எடுத்தாள். “நைட்டி கம்பெனில இருந்து வாரேன், சார். உங்க படத்தக் கேக்காம எடுத்துட்டோம். பேசிட்டுப் போகலாம்னு வந்தேன்.”

“உள்ள வாங்க” என்றார். வாங்க!

நாற்காலியில் உட்கார்ந்து நிமிர்ந்தாள். எதிர்ச் சுவரில் அம்மா படம். பக்கத்தில் அவள் படம். இரண்டுக்கும் பிளாஸ்டிக் மாலை. தூசி தட்டித் துடைத்து, பொட்டு வைத்திருந்தது. தன் பிணத்துக்கு எதிரில் தானே உட்கார்ந்திருப்பது எப்படி இருக்கும் என்று யாரிடம் போய்க் கேட்பது? மேஜையில் பள்ளிக்கூட நோட்டும், சீவிச் சீவிக் கட்டையாகிப்போன கலர் பென்சில்களும் கிடந்தன.

“பக்கத்து வீட்டு அம்மா போட்டிருந்தாவ. உத்துப் பாக்க முடியுமா? துவைச்சுக் காயப்போடுற வரைக்கும் ரெண்டு நாள் காத்திருந்து போட்டோ எடுத்தேன்” என்றார் அவர். வேறு நேரமாக இருந்தால் அவள் விழுந்து விழுந்து சிரித்திருப்பாள்.

“வெறும் ஜன்னல்னா டேமேஜ் பீஸுன்னு கடையில திருப்பிருவாங்க சார். அதான் ஆள் வச்சோம்.”

“அந்த எடம் காலியாத்தான் இருக்கணும்.”

“ஏன் சார்?”

“அதுல வரவேண்டிய ஆளு வரல.”

“வரலையா, ஏத்தாம விட்டுட்டுப் போனீங்களா?”

கேட்டே விட்டாள். அவர் நைட்டியைக் கையில் வாங்கி, அந்தக் குட்டி அணிலின் மேல் கட்டை விரலை வைத்துத் தடவினார். வெகுநேரம் தடவினார்.

“மடியில இருக்க பிள்ளைக்கு என்ன வயசு?”

“நாலு முடிஞ்சுருச்சு.”

“பேரு?”

“ஜெபா.”

அவர் கை தானாக நோட்டைத் திறந்து பென்சிலை எடுத்தது. முப்பது வருஷப் பழக்கம், எழுதப் போனார். மாரிக்கனி அந்த நோட்டை வெடுக்கென்று பிடுங்கினாள். “எழுதாதீங்க! என்னப் பத்தி ஒரு தடவ எழுதுனது போதும்!”

சத்தம் தெருவுக்குக் கேட்டிருக்கும். பக்கத்து வீட்டு சுடலையம்மாள், நைட்டியின் மேல் துண்டைப் போட்டுக்கொண்டு, “ஏட்டையா, யாரு சத்தம் போடுதா?” என்றபடி வாசலில் வந்து எட்டிப் பார்த்தாள். மாரிக்கனியைப் பார்த்தாள். சுவரில் இருந்த மாலை போட்ட படத்தைப் பார்த்தாள். “ஆத்தி!” என்று நெஞ்சில் கை வைத்தாள். பதினாறாம் நாள் சோறு தின்ற பொம்பளை அவள்.

“ஏட்டையா... இது யாரு?”

மாரிக்கனி அவர் வாயையே பார்த்தாள். நைட்டி கம்பெனிக்காரங்க என்று அவர் சொல்லலாம். அது பொய்யும் இல்லை. சொன்னால் சுடலையம்மாள் போய்விடுவாள், எல்லாம் பழையபடி ஆகிவிடும். அவர் சுடலையம்மாளை நேராகப் பார்த்தார்.

“ஏம் மக” என்றார். “மாரிக்கனி. உசுரோடதான் இருக்கா. நான் எழுதி ஒட்டுனது பொய்.”

சுடலையம்மாள் நிலைப்படியிலேயே உட்கார்ந்துவிட்டாள்.

ஆறு வருஷமாக இந்த வார்த்தைக்குத்தான் மாரிக்கனி காத்துக் கிடந்தாள். வந்தால் அழுது காலில் விழுவோம் என்று அவளே நினைத்திருந்தாள். வந்ததும் பார்த்தால், பத்தவில்லை. ஒரு சொட்டுகூடப் பத்தவில்லை.

“ஒருத்தர்ட்ட சொன்னா ஆச்சா? எத்தன போஸ்டர் ஒட்டுனீங்க?”

“எரநூறு” என்றார் உடனே. எண்ணிக்கை எல்லாம் அவருக்கு மறக்காது.

“அப்ப எரநூறு எடத்துலயும் சொல்லணும்.”

பால்ச்சாமி எழுந்து உள்ளே போனார். அவ்வளவுதான், கதவைச் சாத்திக்கொண்டு படுக்கப் போகிறார் என்று நினைத்தாள். நோட்டை மேஜையில் போட்டுவிட்டுப் பையை எடுத்தாள். அவர் சட்டையை மாட்டிக்கொண்டு, தோளில் துண்டைப் போட்டுக்கொண்டு வந்தார். செருப்புப் போடாமல் தெருவில் இறங்கினார்.

சாவுச் செய்தி சொல்லப் போகிறவர்களை நீங்கள் பார்த்திருப்பீர்கள். வீட்டுக்குள் ஏற மாட்டார்கள், தண்ணீர் குடிக்க மாட்டார்கள், வாசலில் நின்று சொல்லிவிட்டு அடுத்த வாசலுக்குப் போய்விடுவார்கள். துட்டி சொல்வது என்போம். அதே நடை, அதே துண்டு. முதல் வாசலில் நின்று கூப்பிட்டார். ஒரு பெரியவர் வெளியே வந்தார்.

“ஏம் மக மாரிக்கனி சாகல. ராஜபாளையத்துல உசுரோட இருக்கா. பேத்திக்கு நாலு வயசு. நான்தான் பொய் சொன்னேன்.”

பெரியவர் வாயைப் பிளந்தது பிளந்தபடி நிற்க, இவர் அடுத்த வாசலுக்குப் போனார். அங்கேயும் அதையே சொன்னார், ஒரு வார்த்தை கூட்டாமல் குறைக்காமல். மாரிக்கனி பின்னாலேயே போனாள். தெருவில் ஒவ்வொரு கதவாகத் திறந்தது. பல் விளக்கிக்கொண்டிருந்தவர்கள் நுரையோடு நின்றார்கள். “பேயக் கண்ட மாதிரி பாக்காதிய, நல்லா பாருங்க” என்று சுடலையம்மாள் பின்னாலிருந்து அதட்டினாள்.

நாலாவது வாசலில், “ஏம் மக மாரிக்கனி” என்றதோடு அவருக்குக் குரல் நின்றுவிட்டது. துண்டை வாயில் வைத்துக்கொண்டார். தோள் குலுங்கியது. அந்த வீட்டு ஆட்கள் ஒன்றும் புரியாமல் பார்த்தார்கள். மாரிக்கனி பக்கத்தில் போய், அவர் முழங்கையைப் பிடித்துக்கொண்டு, மீதியை அவளே சொன்னாள்.

“நான்தான் மாரிக்கனி. நான் சாகல. இவரு எங்கப்பா.”